எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவை எப்படிக் கற்றுத் தருவது?

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொழில்முனைவுத் திறனை வளர்க்க ஏதாவது செய்ய வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். தொழிலதிபர் ஒருவரை அழைத்துப் பேச வைப்பது, புதுமை யோசனைப் போட்டி நடத்துவது, ஆண்டு விழாவில் கண்காட்சி வைப்பது என்று மூன்று திட்டங்கள் கையில் இருக்கின்றன. இவை போதுமா, படிப்பு கெட்டுவிடாதா, வீட்டிலேயே கடை இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் புதிதாக என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்.

நான் வணிகவியல் ஆசிரியர். பள்ளிகளில் இந்த வேலையைச் செய்தும் வருகிறேன், மற்றவர்கள் செய்வதைப் பார்த்தும் வருகிறேன். சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொல்லும் மூன்றிலும் ஒரு ஆள் குறைகிறார். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒரு வாடிக்கையாளர்தான் அவர். போட்டியில் நடுவர் மதிப்பெண் போடுவார். கண்காட்சியில் அப்பா, அம்மா, சித்தி எல்லோரும் பாசத்துக்காக வாங்குவார்கள். பிள்ளை கொண்டுவந்தது உண்மையிலேயே யாருக்காவது வேண்டியிருந்ததா என்பது இரண்டிலும் தெரியவே தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் "வேண்டாம்பா" என்று சொல்வதைக் கேட்டு, ஏன் வேண்டாம் என்று யோசித்து, மறுபடியும் போய் நிற்பதில்தான் இந்தத் திறன் வளர்கிறது. அதற்கு இடம் கொடுக்கிற எந்த ஏற்பாடும் நல்லது. அந்த இடம் இல்லாவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் அது ஒரு நாள் விழாவாக முடிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் தொழில்முனைவுத் திறன்களுக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. மூன்று பிரிவுகளில் 15 திறன்கள். பள்ளிக்கு அவ்வளவும் வேண்டாம். மற்றவருக்கு இருக்கும் ஒரு சிரமத்தைக் கவனிப்பது, கூச்சப்படாமல் போய் விசாரிப்பது, சின்னத் தொகையைக் கணக்கோடு கையாள்வது, தோற்றால் அடுத்த வாரம் வேறு மாதிரி செய்து பார்ப்பது. இந்த நான்கும் பழக்கத்தில் வந்தால் போதும். இந்தப் பிள்ளை நாளை கடை வைக்காமல் அரசு வேலைக்குப் போனாலும், செவிலியராக ஆனாலும் இவை உதவும்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. நெதர்லாந்தில் 11, 12 வயதுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 'பிஸ்வேர்ல்ட்' என்ற ஐந்து நாள் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெறாத வகுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. தொழில் பற்றிய பாட அறிவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, தானாக முன்வந்து செய்யும் குணம், துணிந்து இறங்கும் மனம் ஆகியவை கூடியிருந்தன. அதாவது இந்த வயதில் 'முதலீடு என்றால் என்ன, சந்தைப்படுத்தல் என்றால் என்ன' என்று வரையறைகளை மனப்பாடம் செய்ய வைப்பது வீண். குணத்தில்தான் மாற்றம் வருகிறது, அதுவும் செய்து பார்க்கும்போது வருகிறது.

அதே நாட்டில் ஒரு கல்லூரியில், மாணவர்கள் சேர்ந்து குட்டி நிறுவனம் நடத்தும் திட்டத்தை ஆராய்ந்து 2010இல் இன்னொரு முடிவு வெளியிட்டார்கள். அந்தப் பயிற்சிக்குப் பிறகு, தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை மாணவர்களிடம் குறைந்திருந்தது. பலர் இதைத் தோல்வி என்று படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில் எவ்வளவு கடினம் என்று 19 வயதில் கொஞ்சம் செலவில் தெரிந்துகொள்வது, 30 வயதில் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட நல்லதுதானே. அதனால் 'எத்தனை பிள்ளைகள் தொழிலதிபர் ஆகப் போகிறார்கள்' என்ற கேள்வியை வைத்து உங்கள் திட்டத்தை அளக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு ஆய்வு பெரியவர்களைப் பற்றியது, ஆனாலும் நமக்குப் பொருந்தும். ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 1,500 சிறு தொழில் செய்பவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, விற்பனை, நிதி என்று வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு, வாய்ப்பைத் தேடிப் போவது, தடை வந்தால் வேறு வழி பார்ப்பது, முன்கூட்டியே திட்டமிடுவது என்ற தன்முனைப்புப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. 2017இல் வெளியான முடிவின்படி, தன்முனைப்புப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடிய 11 சதவீதத்தை, தற்செயலாக வந்ததாகக்கூட இருக்கலாம் என்று ஒதுக்க வேண்டியிருந்தது. கணக்கு வேண்டாம் என்பது இதன் பொருள் ஆகாது. கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது கையில் இறங்காது.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது டெல்லி. 2019இல் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை தொழில்முனைவு மனப்பான்மைப் பாடத்திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தேர்வு கிடையாது. கதை, செயல்பாடு, தொழில் செய்பவர்களோடு உரையாடல் என்று வகுப்பு போகும். 2021இல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்ற பெயரில் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் தொடக்கப் பணம் கொடுத்தார்கள். குழுவாகச் சேர்ந்து அந்தப் பணத்தில் ஏதாவது தொழில் செய்து பார்க்க வேண்டும். சுமார் 3 லட்சம் மாணவர்கள், 60 கோடி ரூபாய். முதலீட்டாளர்கள் முன் மாணவர்கள் பேசும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவும் அது வந்தது.

அந்த நிகழ்ச்சிதான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. நான் மெச்சுவது வேறொன்றை. கெட்டிக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்காமல் எல்லாருக்கும் பணம் கொடுத்தார்கள். மேடையில் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளையை எந்தப் போட்டியும் கண்டுபிடித்துவிடும். பின்பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளை, கையில் 2,000 ரூபாயோடு மெழுகு வாங்கி, மெழுகுவத்தி ஊற்றி விற்றுப் பார்ப்பதுதான் அரிது. 2025இல் ஆட்சி மாறியதும் அங்கே திட்டத்தின் பெயரும் வடிவமும் மாறிவிட்டன. மேலிருந்து வரும் திட்டங்களின் தலையெழுத்து இதுதான், எந்த மாநிலமானாலும். உங்கள் பள்ளியில் இது நிலைக்க வேண்டுமானால் உங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கையில் அது இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உதவி கேட்க இடங்கள் இருக்கின்றன. தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக் கல்வித் துறையோடும் யுனிசெஃபோடும் சேர்ந்து பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்திவருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், மாணவர் குழுக்களின் யோசனைகளுக்குப் பரிசும் அதில் உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' என்ற தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. பிள்ளைகள் தாங்களே கருவிகளைச் செய்து பார்க்கும் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகம் பக்கத்துப் பள்ளியில் இருந்தால் அங்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். இவற்றில் பெரும்பாலானவை புதுக் கண்டுபிடிப்பை நோக்கிப் போகின்றன. அது நல்லதுதான், ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்டுபிடிப்பு அவசியமே இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையை ஒழுங்காக, சொன்ன நேரத்தில் செய்து கொடுத்தாலே அது தொழில்தான். சென்சார் வைத்த குப்பைத் தொட்டியும் தானாகத் தண்ணீர் ஊற்றும் பூந்தொட்டியும் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வாங்குவார்களா என்று யாரும் கேட்பதும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு பருவத்துக்கு எப்படி நடத்துவது என்று சொல்கிறேன்.

நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். நண்பர்களாகச் சேரவிடாமல் நீங்களே பிரியுங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் எதையும் செய்யவோ விற்கவோ கூடாது. பார்ப்பது, விசாரிப்பது மட்டும்தான். தெருவில், பேருந்து நிறுத்தத்தில், தங்கள் வீட்டில் யார் எதற்காக அலுத்துக்கொள்கிறார்கள் என்று ஆளுக்கொரு நோட்டில் எழுத வேண்டும். "ஸ்கூல் திறக்கிற வாரம் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டே இடுப்பு ஒடியுது" என்று ஒரு அம்மா சொன்னால், அந்த வாக்கியம் அப்படியே நோட்டில் ஏற வேண்டும்.

விசாரிக்கும் முறையைப் பழக்குவதுதான் இந்த இரண்டு வாரத்தின் முக்கிய வேலை. நம் ஊரில் ஒரு பிள்ளை போய் "நாங்க இதைச் செஞ்சா வாங்குவீங்களா அக்கா?" என்று கேட்டால், எந்த அக்காவும் இல்லையென்று சொல்ல மாட்டார். பிள்ளை மனம் நோகக் கூடாது என்று "ஆமாம்மா, கண்டிப்பா" என்பார். அப்புறம் வாங்க மாட்டார். அதனால் நடக்கப் போவதைக் கேட்காமல் நடந்ததைக் கேட்கச் சொல்லுங்கள். போன வருஷம் அட்டை யார் போட்டது? எந்த நாள், எத்தனை மணிக்கு? பிரவுன் ஷீட் எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு ஆனது? கடையில் கொடுத்துப் போட்டதுண்டா, ஏன் விட்டுவிட்டீர்கள்? இப்படிப் பத்துப் பேரிடம் கேட்டால் விஷயம் வெளியே வரும். பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாவுக்கு விலையைவிட, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் காலைக்குள் திருப்பித் தருவார்களா என்பதுதான் முக்கியம் என்று தெரியவரும். இதைப் பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மூன்றாவது வாரம் பணம். இதில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். வீட்டிலிருந்து யாரும் ஒரு ரூபாய்கூடக் கொண்டுவரக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றால் வசதி உள்ள பிள்ளைகளின் குழு முதல் நாளே ஜெயித்துவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகமோ பள்ளி மேலாண்மைக் குழுவோ ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே தொகை, 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கடனாகக் கொடுக்கட்டும். பருவ முடிவில் திருப்பித் தர வேண்டும். நஷ்டமானால்? கணக்கு நோட்டு சரியாக இருந்தால் நஷ்டத்தைப் பள்ளி ஏற்கும், நோட்டு இல்லையென்றால் குழு ஏதாவது வேலை செய்து ஈடுகட்ட வேண்டும் என்று முன்னதாகவே எழுதி வையுங்கள். இந்த ஒரு விதியால், பயந்த பிள்ளையும் துணிந்து இறங்கும், துணிச்சலான பிள்ளையும் கணக்கு எழுதும்.

கடன் பத்திரத்தில் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கினால் சட்டப்படி அது செல்லாது, 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆனாலும் எழுதிப் படித்துக்காட்டி வாங்குங்கள். எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்ற பழக்கமாவது வரும்.

இப்போது கணக்கு. அட்டை போடும் குழுவையே எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் பிள்ளைகளே விசாரித்துப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு புத்தகத்துக்குத் தாள் 4 ரூபாய், லேபிளும் டேப்பும் சேர்ந்து 1 ரூபாய், ஆக அடக்கம் 5 ரூபாய். 8 ரூபாய் வாங்குகிறார்கள். 60 புத்தகம் போட்டால் வரவு 480, பொருள் செலவு 300. பிள்ளைகள் உடனே "180 ரூபாய் லாபம் மிஸ்" என்பார்கள். அங்கேதான் நீங்கள் நோட்டைத் திறக்க வேண்டும். தப்பாக வெட்டி வீணான ஆறு தாள் 24 ரூபாய். இரண்டு கத்தரிக்கோல் 80 ரூபாய். மிச்சம் 76. அடுத்து, எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்? புத்தகத்துக்கு ஆறு நிமிடம் என்றால் 6 மணி நேரம். விசாரிக்க, தாள் வாங்க, வீடு வீடாகப் போய் வாங்கித் திருப்பிக் கொடுக்க, நான்கு பேரும் ஆளுக்கு 2 மணி நேரம். மொத்தம் 14 மணி நேர உழைப்பு. மணிக்கு 5 ரூபாய் 40 காசுதான் வருகிறது.

இதைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும். அப்புறம் ஒரு பிள்ளை, "கத்தரிக்கோல் இன்னும் இருக்கே, அதை முழுசா ஏன் இப்பவே கழிக்கணும்?" என்று கேட்கும். கேட்கவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள். நான்கு முறை பயன்படும் என்று பிரித்தால் இந்த முறைக்கு 20 ரூபாய்தான் செலவு, மிச்சம் 136, மணிக்கு 10 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பதினொன்றாம் வகுப்பில் தேய்மானம் என்ற பாடத்தை நடத்த நான் படும் பாடு எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு முன்பே அது புரிந்துவிடுகிறது. அடுத்த கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும்: மணிக்கு 10 ரூபாயை எப்படிக் கூட்டுவது? விலையை ஏற்றலாமா? தாளை மொத்தக் கடையில் வாங்கலாமா? ஒரே தெருவில் பத்து வீடு பிடித்தால் நடை மிச்சமாகுமா? கிழிந்த பழைய புத்தகத்தை பைண்டிங் செய்து கொடுத்தால் அதிகம் தருவார்களா? இந்தக் கேள்விகளோடு அவர்கள் இரண்டாவது சுற்றுக்குப் போகட்டும். ஒரே சுற்றில் நிறுத்தினால் இதன் பலனில் பாதி போய்விடும். முதல் சுற்றில் தப்பு செய்து இரண்டாவது சுற்றில் திருத்தும்போதுதான் பிள்ளையின் முகத்தில் அந்த நம்பிக்கை தெரிகிறது.

விற்பனைக்கும் ஒரு விதி வையுங்கள். சொந்தக்காரரும் சொந்த ஆசிரியரும் வாங்குவது கணக்கில் சேராது. வாங்கட்டும், ஆனால் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். அதேபோல அம்மா செய்து கொடுத்த முறுக்கைக் கொண்டுவந்து விற்பதும் வேண்டாம். அதில் உழைப்பு அம்மாவுடையது, பெயர் மட்டும் பிள்ளையுடையது. "வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: யார், என்ன காரணம் சொன்னார். விற்பனைப் பக்கத்தைவிட அந்தப் பக்கம்தான் இரண்டாவது சுற்றுக்கு உதவும்.

வெளி ஆளை அழைப்பதைப் பற்றி. கோடிகளில் வியாபாரம் செய்பவரை அழைத்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். இவர்களைப் போல இருந்த நாளிலிருந்து அவர் அந்த உயரத்துக்கு எப்படி வந்தார் என்பது இவர்களுக்குப் புரியாது. பள்ளிக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தையல் கடை அக்கா, நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர், டீக்கடைக்காரர் இவர்களை அழையுங்கள். பேச்சு வேண்டாம், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். கடனுக்குக் கேட்பவரிடம் எப்படி மறுக்கிறீர்கள்? எந்த மாதம் வியாபாரம் படுத்துவிடும், அப்போது வாடகைக்கு என்ன செய்வீர்கள்? பக்கத்தில் புதுக்கடை வந்தபோது என்ன மாற்றினீர்கள்? இப்படிக் கேட்டால் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இன்னொரு செல்வம் நம் கையிலேயே இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. இன்று உங்கள் வகுப்பில் பல பிள்ளைகளின் அம்மாக்கள் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். தீர்மான நோட்டு எழுதுவது, உள்கடன் கொடுப்பது, தவணை தவறியவரிடம் பேசுவது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். குழுவை நடத்தும் ஊக்குநரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, கணக்கு நோட்டை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அம்மா, எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதை அவருடைய பிள்ளை பார்க்கட்டும். இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகப் பிடித்த வகுப்பு இதுதான்.

வீட்டில் கடை உள்ள பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும். சில்லறை பார்ப்பது, ஆளைப் பார்த்தே கடன் கொடுக்கலாமா என்று கணிப்பது, எந்தப் பொருள் எந்த வாரம் போகும் என்பது. இதைப் பள்ளியில் யாரும் அறிவாக மதித்ததில்லை. இந்த வகுப்பில் அது மதிக்கப்படும். அவர்கள் ஒரு குழுவில் குவியாமல் குழுவுக்கு ஒருவராகப் பிரித்து விடுங்கள். அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது எழுத்துக் கணக்கு. பல வீட்டுக் கடைகளில் வீட்டுச் செலவும் கடைப் பணமும் ஒரே கல்லாவில் போய் வரும், லாபம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பிரித்து எழுதும் பழக்கத்தைப் பிள்ளை வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

கடை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது இன்னும் அதிகம் தேவை. நகரத்தார் லேவாதேவிக் கடைகளில் சிறு வயதிலேயே ஒரு பையனை 'பெட்டியடிப் பையன்' என்று உட்கார வைப்பார்கள். கணக்குப் பழகி, அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகி பர்மாவுக்கோ மலாயாவுக்கோ மூன்றாண்டுத் தவணை வேலைக்குப் போவான். அருமையான பயிற்சி. ஆனால் அந்தச் சமூகத்துக்குள் பிறந்தவனுக்கு மட்டும் கிடைத்த பயிற்சி. வியாபாரம் நம் ஊரில் சாதி வழியாகவும் குடும்பம் வழியாகவும்தான் கைமாறி வந்திருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு, பணம் கட்டிச் சரக்கு எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பே இருந்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிதான். அதனால்தான் இதைச் சில பிள்ளைகளுக்கான மன்றமாக வைக்காமல் முழு வகுப்புக்கும் நடத்துங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

குழுவுக்குள் வேலை எப்படிப் பிரிகிறது என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். விட்டால், பெண் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருப்பார்கள், பையன்கள் வெளியே போய்ப் பேசிப் பணத்தையும் வைத்துக்கொள்வார்கள். வாரத்துக்கு வாரம் பொறுப்பை மாற்றுங்கள்: கொள்முதல், செய்முறை, விற்பனை, கணக்கு. எல்லோரும் எல்லாவற்றிலும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். வெளியே போகும்போது இருவராகத்தான் போக வேண்டும், பகலில்தான் போக வேண்டும், எந்தத் தெரு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

குழந்தை உழைப்பு ஆகிவிடுமோ என்ற பயம் சில பெற்றோருக்கு வரும். நியாயமான பயம், தமிழ்நாட்டில் தீப்பெட்டித் தொழிலிலும் விசைத்தறியிலும் பிள்ளைகள் பட்டதை நாம் மறக்கக் கூடாது. 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. உங்கள் வகுப்பு இந்த வரம்புக்கு வெகு தொலைவில் நிற்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, யாருடைய கடைக்கும் ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கக் கூடாது, லாபத்தை என்ன செய்வது என்று பிள்ளைகளே முடிவெடுக்க வேண்டும். நான் பார்த்தவரை, பிள்ளைகள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு பந்தோ, வகுப்புக்கு ஒரு கடிகாரமோதான்.

உணவுப் பொருளை முதல் ஆண்டு தவிர்த்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் முதலில் யோசிப்பது அதைத்தான் என்று தெரியும். ஆனால் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்ற கேள்வி இருக்கிறது. அதுவும் போக, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. பொதி செய்யும்போது நினைவில் இருக்கட்டும், 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. பணம் வாங்குவது ரொக்கமாகவே இருக்கட்டும். யாராவது ஜிபே செய்கிறேன் என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்குக்கு வாங்கி, நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. சஞ்சாயிகா என்ற பழைய பள்ளிச் சேமிப்புத் திட்டம் நினைவிருக்கும் தலைமையாசிரியர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு நாள் வங்கிக்குக் கூட்டிப் போய் வாருங்கள்.

படிப்பு கெடுமா? வாரத்துக்கு இரண்டு பாடவேளைதான் கேட்கிறேன், அதில் ஒன்றைக் கணக்குப் பாடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஓர் இயலே இருக்கிறது: சதவீதம், லாப நட்டம், தள்ளுபடி, ஜிஎஸ்டி. அட்டைக் கணக்கை எழுதிய பிள்ளைகளுக்கு அந்த இயலைத் தனியாக நடத்த வேண்டியிருக்காது. விசாரித்ததை எழுதுவது தமிழ்ப் பாடத்துக்கு உதவும். மதிப்பெண் மட்டும் போட்டுவிடாதீர்கள், லாபத்துக்கு முதல் பரிசும் கொடுக்காதீர்கள். மதிப்பெண் என்று வந்த நிமிடமே அப்பா நோட்டை எழுதிக் கொடுப்பார், மாமா வந்து முழுச் சரக்கையும் வாங்கிக்கொள்வார். பருவக் கடைசியில் ஒவ்வொரு குழுவும் பெற்றோர் முன்னால் நோட்டைத் திறந்து, என்ன நினைத்தோம், என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்று பத்து நிமிடம் சொன்னால் போதும். நீங்கள் திட்டமிட்ட கண்காட்சியை அந்த நாளில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்க நல்ல மாதம் ஜூன். தேர்வு நெருக்கடி இல்லை, பள்ளி திறக்கும் நேரத்தில் ஊரில் தேவைகளும் நிறைய. அதற்கு முன் செய்ய வேண்டியவை குறைவுதான்: தலைமையாசிரியரின் அனுமதி, குழுவுக்கு 500 வீதம் தொகைக்கு பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒரு தீர்மானம், நஷ்ட விதி எழுதிய ஒரு தாள், பிள்ளைக்கு ஒரு நோட்டு. கோடை விடுமுறையில் நீங்களே ஒரு நாள் மாலை உங்கள் தெருவில் ஐந்து வீட்டில், நடந்ததை விசாரிக்கும் அந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு ஜனங்கள் வாய் திறக்கிறார்கள், எதற்கு மழுப்புகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் முதல் வகுப்பை நடத்த அது போதும். இடையில் எங்காவது நின்றுவிட்டால் எழுதுங்கள், கணக்கு நோட்டின் மாதிரிப் பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன, அனுப்பித் தருகிறேன்.